கல்லும் காணியும் கச்சேரியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் தோண்டி எடுத்து விற்கக்கூடிய கனிமம் என்று பெருவாரியாக இருப்பது சுண்ணக்கல் ஒன்றுதான். அதைப் பெரிய அளவில் வெட்டி, உலையில் சுட்டு, சீமெந்தாக்கி நாடு முழுவதற்கும் அனுப்பிய பிரதேசம் வலிகாமம் வடக்கு. அதன் நிர்வாகத் தலைமையகம் தெல்லிப்பழை. நாற்பது ஆண்டுகள் இந்தப் பிரிவின் பெயரை ஆலைப் புகைபோக்கி ஊருக்கு அறிவித்தது. அடுத்த கால் நூற்றாண்டு முட்கம்பி வேலி அறிவித்தது. இப்போது இரண்டுக்கும் நடுவில், பாதி மீண்டும் பாதி மீளாமல் நிற்கிற ஒரு நிர்வாகப் பிரிவை எப்படி நடத்துவது என்ற கேள்வி தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தின் கோப்புகளில் கிடக்கிறது.

முதலில் நிர்வாகத்தைப் பார்ப்போம். வலிகாமம் என்ற பழைய பிரிவு இன்று ஐந்து பிரதேச செயலகங்களாக இருக்கிறது: சங்கானையில் மேற்கு, சண்டிலிப்பாயில் தென்மேற்கு, உடுவிலில் தெற்கு, கோப்பாயில் கிழக்கு, தெல்லிப்பழையில் வடக்கு. யாழ் மாவட்டம் முழுவதிலும் 15 பிரதேச செயலகங்கள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். அவற்றில் 45 வலிகாமம் வடக்குக்கு உரியவை. ஒவ்வொன்றுக்கும் ‘ஜே’ என்ற எழுத்தோடு ஓர் எண் உண்டு. காங்கேசன்துறை மேற்கு ஜே/233, மத்தி ஜே/234, தெற்கு ஜே/235. வெளிநாட்டிலிருந்து காணி விசாரிக்க வருகிறவர் ஊர்ப் பெயரைச் சொன்னால் போதாது, இந்த எண்ணும் தெரிந்திருக்க வேண்டும்.

அளவெட்டி, மல்லாகம், கட்டுவன், குரும்பசிட்டி, மாவிட்டபுரம், கீரிமலை, தையிட்டி, மயிலிட்டி, பலாலி என்று இந்த 45க்குள் வரும் ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே ஒன்று புரியும். இது ஒரே மாதிரியான ஊர்களின் தொகுப்பல்ல. தெற்கே செம்மண் தோட்டங்கள். நடுவே பாடசாலைகளும் கோயில்களும் உத்தியோகத்தர் வீடுகளும். வடக்கே கடல், துறைமுகம், ஆலை, விமானத் தளம்.

பிரதேச செயலகம் என்ற அமைப்பு இன்றைய வடிவத்தைப் பெற்றது 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தால். அதற்கு முன் உதவி அரசாங்க அதிபர் பணிமனை. அதற்கு முன் காரியாதிகாரி. அதற்கும் முன் மணியகாரர், உடையார், விதானையார். 1963இல் விதானை முறை ஒழிக்கப்பட்டு கிராம சேவகர் வந்தபோது, பல ஊர்களில் மக்கள் அவரையும் ‘விதானையார்’ என்றே கூப்பிட்டார்கள். இன்றும் வயதானவர்கள் அப்படித்தான். சட்டம் மாறுகிற வேகத்தில் ஊர் வாய் மாறுவதில்லை.

செயலகமும் பிரதேச சபையும் ஒன்றென்று நினைத்து அலைகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. செயலகம் கொழும்பின் நீட்சி. வதிவிடச் சான்று, அடையாள அட்டை விண்ணப்பம், பிறப்பு இறப்புப் பதிவு, ஓய்வூதியம், சமுர்த்தி, 2023இல் தொடங்கிய அஸ்வெசும ஆகிய நலத்திட்டங்கள், அரச காணி எல்லாம் அங்கே. வலிகாமம் வடக்குப் பிரதேச சபை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த, மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் சபை. ஒழுங்கை, சந்தை, நூலகம், குப்பை, கட்டட அனுமதி அதன் பொறுப்பு. வீட்டுக்கு முன்னால் ஓடுகிற ஒழுங்கை சபைக்கு உரியது, அந்த ஒழுங்கையில் குடியிருக்கிறீர்கள் என்று எழுதித் தருவது செயலகத்தின் ஆள். இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

இனி, கல்.

குடாநாட்டின் அடித்தளம் மயோசின் காலத்துச் சுண்ணக்கல். கடலடியில் சிப்பியும் பவளமும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் படிந்து இறுகியது. பல இடங்களில் இரண்டு மூன்று அடி செம்மண்ணைக் கிளறினாலே கல் தட்டுப்படும். ஊரார் இதை வெகுகாலமாகவே பயன்படுத்தினார்கள். வீட்டுச் சுவருக்கு வெட்டினார்கள், கிணற்றுக்கட்டுக்கு அடுக்கினார்கள், சூளையில் வைத்துச் சுண்ணாம்பு நீற்றினார்கள். ஆனால் அதெல்லாம் கைவேலை. அதை ஆலை வேலையாக்கியது சுதந்திரத்துக்குப் பிறகு வந்த அரசாங்கம்.

1948இல் கைத்தொழில் அமைச்சரான ஜி. ஜி. பொன்னம்பலத்தின் காலத்தில் காங்கேசன்துறைக் கடற்கரையில் சீமெந்து ஆலை எழுந்து, 1950இல் உற்பத்தி தொடங்கியது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை ஆகியவற்றையும் சேர்த்து, ‘பொன்னம்பலம் கொண்டுவந்த மூன்று’ என்று தமிழ்ப் பகுதிகளில் இன்றும் எண்ணிச் சொல்வார்கள். இதில் ஓர் அரசியல் வேடிக்கை உண்டு. காங்கேசன்துறைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் தெல்லிப்பழையைச் சொந்த ஊராகக் கொண்ட எஸ். ஜே. வி. செல்வநாயகம். பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்ததையும் மலையகத் தமிழரின் குடியுரிமைப் பறிப்பையும் எதிர்த்துப் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர் அவர். பிரிந்துபோனவரின் தொகுதியில் அமைச்சரின் ஆலை புகை விட்டது. 1952 தேர்தலில் செல்வநாயகம் அதே தொகுதியில் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம் தோற்றார். ஆலையால் தோற்றார் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் வேலை தரும் கட்சியா, உரிமை கேட்கும் கட்சியா என்ற வாக்குவாதம் காங்கேசன்துறையில் வெறும் மேடைப் பேச்சாக இருந்திருக்க முடியாது. 1956இல் அவர் தொகுதியை மீட்டார். 1972இல் புதிய அரசியலமைப்பை எதிர்த்துப் பதவி துறந்து, 1975 பெப்ரவரி இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலத்தை எதிர்த்து மறுபடி வென்றார்.

ஆலை ஏன் அங்கே வந்தது என்பதற்கு விடை எளிது. ஒரு தொன் கிளிங்கர், அதாவது அரைப்பதற்கு முந்திய சீமெந்துக் கட்டி, செய்ய ஏறக்குறைய ஒன்றரைத் தொன் சுண்ணக்கல் வேண்டும். சுடும்போது சுண்ணக்கல்லின் எடையில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பங்கு கரியமில வாயுவாகப் பறந்துவிடுகிறது. பறந்துபோகப் போகிற எடையை எதற்குத் தூரத்துக்குச் சுமக்க வேண்டும்? ஆகவே உலகம் முழுவதும் சீமெந்து உலை கல் இருக்கும் இடத்துக்கே போகிறது. காங்கேசன்துறையில் கல் காலடியில் இருந்தது. களிமண் மன்னார்ப் பக்கத்து முருங்கனிலிருந்து வந்தது. 1902இலேயே வந்துவிட்ட இரயில் பாதை கைக்கெட்டும் தூரத்தில். மறுபக்கம் கடல். இந்த நான்கும் ஒரே இடத்தில் கூடும் ஊர் இலங்கையில் வேறு எங்கே?

ஐம்பதுகளின் பிற்பாதியில் ஆலை கூட்டுத்தாபனமாக மாறியது. அறுபதுகளில் அதன் கை தென்முனை வரை நீண்டது. காங்கேசன்துறையில் சுட்ட கிளிங்கர் கப்பலேறிக் காலிக்குப் போய், அங்கே ருகுணு சீமெந்து ஆலையில் அரைபட்டது. 1981இல் அதே வளாகத்தை ஒட்டி லங்கா சீமெந்து என்ற பங்கு நிறுவனமும் உருவானது. தெற்கில் எழுந்த கட்டடங்களில் தெல்லிப்பழைப் பிரிவின் கல் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

ஆலை தந்தது சம்பளம் மட்டுமல்ல. யாழ்ப்பாணத்தில் உத்தியோகம் என்றால் எழுதுவினைஞர், ஆசிரியர், புகையிரத நிலைய அதிபர் என்று இருந்த காலத்தில், மின்பொறியாளர், வேதியியல் ஆய்வாளர், பொருத்துநர், வெடி வைப்பவர் என்று புதிய வேலைகள் ஊருக்குள் வந்தன. மாற்று வேலை முறையில் மூன்று நேரமும் ஆள் நடமாட்டம். சங்குச் சத்தத்தைக் கேட்டு நேரம் சொன்ன வீடுகள். பக்கத்து ஊர்களில் வாடகை வீடு, சாப்பாட்டுக் கடை, துவிச்சக்கர வண்டித் திருத்தகம். கூடவே வீட்டுக் கூரையிலும் முருங்கை இலையிலும் படிந்த சாம்பல் நிறத் தூசு. ஆலைக் காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சங்கை நினைவில் வைத்திருக்கிறார்கள், தூசைச் சொல்வது குறைவு.

ஆனால் பிரிவின் பொருளாதாரம் முழுவதும் ஆலையைச் சுற்றியே இருந்தது என்று எண்ணினால் தவறு. ஒரே கனிமத்தை நம்பிய சுரங்க ஊர்கள் கனிமம் நின்றதும் வெறிச்சோடிப் போவது உலகத்தில் வழக்கம். இங்கே அப்படி இல்லை, ஏனென்றால் கல்லின் மேல் படிந்த செம்மண்ணே ஒரு தனிச் சொத்து. சின்ன வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு, வாழை. துலா மிதித்து இறைத்த தோட்டங்களுக்கு ஐம்பதுகளில் மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது. 1970க்குப் பிறகு அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதிக்குத் தடை போட்டதும் வலிகாமத்துத் தோட்டக்காரன் கையில் முதல்முறையாகக் கட்டுப் பணம் புழங்கியது. உத்தியோகத்தர் மகனுக்குக் கொடுத்த சீதனத்தைத் தோட்டக்காரர் மகனுக்கும் கொடுக்க ஆள் வந்தது அந்தக் காலத்தில்தான். 1977இல் சந்தை திறந்துவிடப்பட்டது, அந்தப் பொற்காலம் முடிந்தது.

மயிலிட்டி வேறு உலகம். போருக்கு முன் வடக்கின் முதன்மையான மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று அது. பலாலியில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப் படை அமைத்த ஓடுபாதையிலிருந்து 1947 டிசம்பரிலேயே சென்னைக்கு விமானம் போனது. ஏர் சிலோன் தன் முதல் பயணத்தை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு நடத்தியது. 1956 முதல் யாழ்தேவி இரயில் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை ஓடியது. ஆலை, துறைமுகம், விமானத் தளம், இரயில் முனையம், மீன்பிடித் துறை, தோட்டம் ஆகிய ஆறும் ஒரே பிரதேச செயலகப் பிரிவுக்குள். கொழும்புக்கு வெளியே இப்படி ஒரு சேர்க்கை கிடைப்பது அரிது.

அந்தச் சேர்க்கையே பிரிவுக்கு வினையாயிற்று. துறைமுகமும் ஓடுபாதையும் யாருக்குத் தேவையோ அவர்களுக்கு அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களும் தேவைப்பட்டன. 1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மறுபடி மூண்டது. வலிகாமம் வடக்கின் மக்கள் ஜூன் 15ஐத் தாங்கள் இடம்பெயர்ந்த நாளாக இன்றும் குறிப்பிடுகிறார்கள். ஆலை நின்றது. இரயில் நின்றது. தெல்லிப்பழைக்கு வடக்கே உள்ள ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் மூடப்பட்டன. 1995 அக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் பெயர்ந்தபோது, வடக்குப் பிரிவினருக்கு அது இரண்டாம் இடப்பெயர்வு. 1996இல் மற்றவர்கள் வீடு திரும்பினார்கள். இவர்கள் திரும்பியது மல்லாகத்தின் கோணப்புலம் போன்ற முகாம்களுக்கு. சொந்த வீட்டிலிருந்து துவிச்சக்கர வண்டியில் அரை மணி நேரத் தொலைவில் தகரக் கொட்டிலில் இருபத்தைந்து ஆண்டுகள்.

இங்கேதான் சனத்தொகை என்ற சாதாரணச் சொல் சிக்கலாகிறது. ஒரு கிராம அலுவலர் பிரிவில் எத்தனை பேர் என்று கேட்டால், எந்தப் பதிவேட்டில் என்று திருப்பிக் கேட்க வேண்டிய நிலை. ஊருக்கு உரியவர்கள் ஒரு கணக்கு, ஊரில் இருப்பவர்கள் இன்னொரு கணக்கு. ஆளே இல்லாத பிரிவுகளுக்கும் கிராம அலுவலர் இருந்தார். அவருடைய மக்கள் வேறு செயலகப் பிரிவுகளில் சிதறி இருந்தார்கள். யாழ் மாவட்டத்தின் இன்றைய எல்லைக்குள் 1981இல் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர். 2012 கணக்கெடுப்பில் அது 5 இலட்சத்து 83 ஆயிரமாக இருந்தது. முப்பது ஆண்டில் நாட்டின் சனத்தொகை கூடியது, இங்கே ஒன்றரை இலட்சம் குறைந்தது. இதன் அரசியல் விலை பச்சையாகத் தெரிவது நாடாளுமன்றத்தில். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனங்கள், 2015இல் 7, 2024இல் 6.

குறைந்தவர்கள் எங்கே? ஒரு பகுதி இறந்தது, ஒரு பகுதி வன்னியிலும் கொழும்பிலும் தங்கியது, பெரும் பகுதி டொரொன்டோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சூரிச்சிலும். அவர்களுடைய பணம் ஊருக்கு வருகிறது: கோயில் கோபுரமாக, பாடசாலைக் கட்டடமாக, அம்மாவின் மருந்துச் செலவாக. ஆள் வருவது ஆவணித் திருவிழாவுக்கு.

2013 ஏப்ரலில் பிரச்சினை புதிய உருவம் எடுத்தது. வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டப்பட்டது. ஊர்க் கணக்கில் ஒரு ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. ஆகவே ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பரப்பு, கிட்டத்தட்ட 26 சதுர கிலோமீட்டர். உரிமையாளர் யாரென்று அடையாளம் காண முடியவில்லை என்பது அந்த அறிவித்தல் சொன்ன காரணங்களில் ஒன்று. உரிமையாளர்களோ ஐந்தாறு கிலோமீட்டருக்கு அப்பால் அரசாங்கமே நடத்திய முகாம்களில் இருந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார்கள்.

காணியைப் பற்றி யாழ்ப்பாணத்தில் பேசும்போது தேசவழமையை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த இந்த வழமைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்து வகை பிரிகிறது. பங்காளிக்கு வாங்குவதில் முன்னுரிமை உண்டு. தலைமுறைக்குத் தலைமுறை காணி துண்டாகி, ஒரு கிணற்றில் எட்டிலொரு பங்கு, ஒழுங்கையில் வழிவாய்க்கால் உரிமை என்று உறுதிகள் நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கும். எல்லைக்கு அடையாளம் ஒரு பனை, ஒரு மதில், ஒரு பூவரசு வேலி. 2010க்குப் பிறகு கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்ட பல இடங்களில் வீடு தரைமட்டம், கிணறு தூர்ந்திருந்தது, வேலி இல்லை. மரமும் மதிலும் போனபின், உறுதியில் எழுதிய எல்லையை நிலத்தில் எங்கே வைப்பது? பங்காளிகள் நால்வரும் நாலு நாட்டில். கிராம அலுவலர், நில அளவையாளர், ஊரில் மிஞ்சியிருந்த முதியவர் மூவரும் நின்று எல்லை கண்ட கதை இந்தப் பிரிவின் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. பிரதேச செயலகம் என்பது படிவம் நிரப்பும் இடம் என்று நினைப்பவர்கள் அந்த வேலையைப் பார்த்திருக்க வேண்டும்.

மீட்சி துண்டு துண்டாகத்தான் வந்தது. 2015 ஜனவரியில் இரயில் காங்கேசன்துறையைத் தொட்டது. 2017 ஜூலை 3இல், 27 ஆண்டுகளுக்குப் பின், மயிலிட்டித் துறைமுகம் திறந்துவிடப்பட்டது. 2019 அக்டோபரில் பலாலி ‘யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையம்’ ஆனது, நவம்பரில் சென்னை விமானம் இறங்கியது. இடையில் நின்று 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2023 அக்டோபர் 14இல் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தது, சில நாளில் நின்றது, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற வேறு கப்பலோடு திரும்ப வந்தது. 2025 ஏப்ரலில் வயாவிளான்–பலாலி வீதி திறக்கப்பட்டது, ஆனால் காலை ஆறு முதல் மாலை ஐந்து வரை மட்டும், நடுவில் நிறுத்தாமல், கால்நடையாகப் போகாமல். திறந்த வீதிக்கு இத்தனை நிபந்தனை இருந்தால் அதைத் திறந்தது என்று சொல்லலாமா என்பது வீதிக்கு இருபுறமும் காணி வைத்திருப்பவரின் கேள்வி. தையிட்டியில் தனியார் காணியில் எழுந்த விகாரைக்கு எதிராகக் காணிக்காரர்கள் போயா நாள்களில் போராடுகிறார்கள். காங்கேசன்துறைக் கடற்கரையில் படையினர் ‘தல்செவன’ என்ற உல்லாச விடுதி நடத்துகிறார்கள்.

தெல்லிப்பழை நகரம் இந்தக் காலம் முழுவதும் வேறு ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. 1816இல் அமெரிக்க மிஷன் பாதிரியார் டானியல் பூவர் இங்கே வந்திறங்கிய நாளிலிருந்து இந்த ஊரின் பெருந்தொழில் கல்வி. அவர் தொடங்கிய பள்ளி இன்றைய யூனியன் கல்லூரி. அதற்கு எதிர்வினையாக, சைவச் சூழலில் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் அம்பனையில் தொடங்கியது மகாஜனக் கல்லூரி. துர்க்கை அம்மன் கோயிலின் வருமானத்தை ஆதரவற்ற பெண் பிள்ளைகளின் இல்லமாக மாற்றிக் காட்டியவர் தங்கம்மா அப்பாக்குட்டி. ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவோ வடமாகாணம் முழுவதிலிருந்தும் நோயாளரை ஊருக்குக் கொண்டுவருகிறது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நாட்டின் நெடுக்கே நடந்து நிதி சேர்த்த நடைபயணம் இந்த வைத்தியசாலைக்காகத்தான். சீமெந்து ஆலை நின்ற பிறகு பிரிவில் மாதச் சம்பளம் தரும் பெரிய இடங்கள் எவை என்று பார்த்தால் வைத்தியசாலை, பாடசாலைகள், செயலகம் என்றே வரும்.

ஆலையை மறுபடி திறப்பார்களா? போர் முடிந்த 2009இலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் இந்தக் கேள்வி எழுகிறது. காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய மூன்று இடங்களில் கைத்தொழில் வலயம் என்ற திட்டமும் அரசாங்கங்களின் பேச்சில் அடிபடுகிறது. வேலையில்லாத இளைஞரைப் பெற்ற வீட்டில் ‘ஆலை வேண்டாம்’ என்று சொல்வது எளிதல்ல. ஆனால் ஆலையையும் கல் அகழ்வையும் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே கல் வெறும் கல்லல்ல, நீர்த்தொட்டி.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணக்கல்லின் வெடிப்பிலும் குகையிலும் இறங்கி, அடியில் ஊடுருவியிருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைவு என்பதால் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. மேலே ஒரு மீட்டர் இறங்கினால் கீழே நாற்பது மீட்டர் போய்விடும் என்றும் அதைப் படிக்கலாம். கல்லுக்குள் நீர் எப்படி ஓடுகிறது என்பதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. கீரிமலைக் கேணியில் போய் நிற்கலாம். கடல் அலை அடிக்கும் இடத்தை ஒட்டினாற்போல் நன்னீர் ஊற்று. ஆடி அமாவாசைக்கு ஆயிரக்கணக்கானோர் முழுகுவது அந்த நீரில்.

இந்தக் கல்லை நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டினால் என்ன ஆகும்? மழைநீரை வடிகட்டித் தேக்கி வைத்த தொட்டியின் சுவரைக் கடற்கரை ஓரத்தில் உடைப்பதுபோல. காங்கேசன்துறை சுற்றாடலில் பழைய அகழ்வுக் குழிகள் இன்றும் நீர் தேங்கிக் கிடக்கின்றன. வெயில் நேராக அந்த நீரைக் குடிக்கிறது, அழுக்கும் நேராக அதில் இறங்குகிறது. இந்தக் கல் மாசை எவ்வளவு விரைவாகக் கடத்தும் என்பதைச் சுன்னாகம் காட்டிவிட்டது. மின் நிலைய வளாகத்து எண்ணெய்க் கழிவு பக்கத்துக் கிணறுகளில் மிதந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தனியார் மின் நிறுவனம் ஒன்று 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சுன்னாகம் அடுத்த செயலகப் பிரிவு. நிலத்தடி நீருக்கு ஜே எண் கிடையாது.

தமிழ்நாட்டு நெய்வேலிச் சுரங்கத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டப்போய்ப் பழுப்பு நிலக்கரி கிடைத்தது. 1956இல் நிறுவனம் அமைந்தது. அங்கே நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவு பகலாக இறைத்து வெளியேற்றினால்தான் சுரங்கம் நடக்கும். கடலூர் மாவட்டத்து விவசாயிகள் நீர்மட்டம் இறங்கியதைப் பற்றி முறையிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நெய்வேலியிலாவது கனிமம் ஒன்று, நீர் இன்னொன்று. இங்கே கனிமமே நீரின் பாத்திரம்.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனிமச் சட்டப்படி அகழ்வுக்கு உரிமம் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். காணி விவரமும் உள்ளூர் ஆட்சேபமும் பிரதேச செயலகத்தின் வழியாகப் போகின்றன. சிறு அகழ்வுகளுக்கு இந்த ஒழுங்கு போதுமாக இருக்கலாம். ஒரு சீமெந்து உலைக்கு வேண்டிய அளவு கல் என்றால் போதாது. 45 பிரிவுக்காரரும் அவர்களுக்குத் தெற்கே உள்ள தோட்டக்காரரும் ஒரே தொட்டியில் இறைக்கிறார்கள். கிணறு உவராகிப்போன பின் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்கு வடமராட்சி கிழக்கில் தாளையடி இருக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அங்கே 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் எழுந்து, நாளொன்றுக்கு 24,000 கன மீட்டர் தருகிறது. மழை இலவசமாக நிரப்பும் தொட்டிக்கு மாற்றாக மின்சாரம் தின்னும் இயந்திரம்.

காங்கேசன்துறையில் சீமெந்து வேலை வேண்டும் என்றால் அதற்குக் கல்லை வெட்டியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காலியின் ஆலை அன்று செய்ததை இப்போது காங்கேசன்துறை செய்யலாம்: வெளியிலிருந்து கப்பலில் கிளிங்கர் இறக்கி, அரைத்து, பொதி செய்து, வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்புவது. திருகோணமலையில் அப்படி ஓர் ஆலை பல ஆண்டாக நடக்கிறது. அதற்கு வேண்டியது ஆழமான துறைமுகம். இந்தியா 2011இல் மூழ்கிய கப்பல்களை அகற்றிக் கொடுத்தது, 2018 ஜனவரியில் துறைமுகத்தைப் புதுப்பிக்க 4 கோடியே 52 இலட்சம் டொலர் கடன் வசதிக்கு ஒப்பந்தமும் கைச்சாத்தானது. ஒப்பந்தமான கையோடு வேலை முடிந்துவிடவில்லை. அலைதாங்கி, இறங்குதுறை, ஆழப்படுத்தல் என்று பெரிய வேலைகள் இன்னும் பேச்சில்தான் இருக்கின்றன. இப்போது அந்தத் துறையில் வந்துபோகிறது நாகப்பட்டினத்துப் பயணிகள் கப்பல், வானிலை இடம் கொடுக்கிற மாதங்களில்.